சூலக இலை: ஏன் 'இலை'?



பூவின் பாகங்களைக் கேட்டால் நாம எல்லோரும் கடகடன்னு ஒப்பிச்சிடுவோம். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம். படம் வரைஞ்சு பாகம் குறிச்சா ஐந்து மார்க். ஆனால் 'சூலக இலை' என்று எழுதுறோமே, பூவுக்குள்ள இலை எப்படி வந்துச்சு? யாராவது கேட்டோமா?

என் கருத்து இதுதான்: பூ பாடத்தைப் பூவைக் கையில் வச்சுத்தான் நடத்தணும். இல்லைன்னா ஏட்டுச் சுரைக்காய் கதைதான்.

ஒரு அவரைக்காயை எடுங்க. விதை ஒட்டியிருக்கிற ஓரமாகப் பிளந்து விரிச்சு வையுங்க. இலை மாதிரி விரியும். நடுவில் நரம்பு. விதைகள் இந்த ஓரத்தில் ஒன்று, எதிர் ஓரத்தில் அடுத்தது என்று மாறி மாறி இருக்கும். இலை ஒன்று மடிஞ்சு ஒட்டிக் காயானது போலவே தெரியும். அதனால்தான் அந்தப் பெயர்.

பூவின் உறுப்புகள் எல்லாம் மாறிய இலைகளே என்று ஜெர்மனிக் கவிஞர் கதே 1790-லேயே எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.ஜி.எல். சுவாமி. அவரும் அமெரிக்க அறிஞர் பெய்லியும் பிஜித் தீவின் டிஜெனீரியா போன்ற மரங்களின் பூக்களை ஆராய்ஞ்சாங்க. சூலக இலை புத்தகம் மூடின மாதிரி மடிஞ்சிருக்கு, ஆனால் ஓரம் முழுசா ஒட்டலை. பழங்காலப் பூவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று 1951-ல் எழுதினாங்க. குடுவை மாதிரி சூலகம்தான் முதலில் வந்திருக்கும் என்று பின்னால் வந்தவங்க சொல்றாங்க. பெரியவங்களே இன்னும் பூவை வெட்டிப் பார்த்துத்தான் வாதம் பண்றாங்க!

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம பிச்சாவரத்துக்கு வருவோம். வெளியூர்க்காரங்க வந்தால் சினிமா எடுத்த இடம் என்று காட்டுறோம். அங்கே சுரபுன்னையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குட்டையான தடிச்ச காம்பில் இரண்டே பூ. இன்னொன்றில் நீளக் காம்பில் பல பூ, இதழ் ஓரத்தில் ரோமம். இரண்டிலும் சேராத ஒரு மரம் அங்கேயே நின்னுச்சு. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1995-ல் அதைப் புதுசு என்று அறிவிச்சு, 'ரைசோஃபோரா அண்ணாமலயானா' என்று பல்கலைக்கழகத்தின் பெயரையே வச்சார். இரண்டு வகையும் கலந்து பிறந்த மரம் அது என்று பிறகு தெரிஞ்சது. டி.என்.ஏ. சோதனையும் அதையே சொல்லுச்சு. எத்தனையோ படகு அந்தப் பக்கம் போயிருக்கும். நின்னு இலையையும் பூவையும் பார்த்தவருக்குத்தான் தெரிஞ்சது.

இதை ஏன் எழுதுறேன்னா, எங்க வகுப்பில் ஒருத்தி இருக்கா. விடியக்காலையில் அம்மாவோடு பூ கட்டிட்டுத்தான் பள்ளிக்கு வருவா. எந்த அரும்பு எப்போ விரியும், எந்தப் பூவுக்குக் காம்பு நீளம், எது காய் வைக்கும், எது வைக்காது, எல்லாம் தெரியும். அறிவியல் பரீட்சையில் மட்டும் மார்க் வராது. "சயின்ஸ் எனக்கு ஏறாது, பத்தாவதோட நின்னுடுவேன்" என்கிறா. அவளுக்குத் தெரிஞ்சதுதான் சயின்ஸ் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

இதுக்கெல்லாம் நேரம் ஏது, பரீட்சையில் வராதே என்று சிலர் சொல்வாங்க. ஒரு பாடவேளை போதும். ஒரு செம்பருத்தி, ஒரு அவரைக்காய், ஒரு கை லென்ஸ் போதும். பிளேடு ஆசிரியர் கையில் இருக்கட்டும். கண்ணால் பார்த்தது பரீட்சையிலும் மறக்காது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூ வகுப்பை மரத்தடியில் நடத்துங்க. தோழிகளே, அன்றைக்கு ஆளுக்கொரு பூ கொண்டு வாங்க.

இது என் கருத்து. உங்க கருத்தைப் பக்கத்துத் தாளில் எழுதுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி