தாயும் குதிரையும்

‘நெருக்கடி என்பதைச் சீனர்கள் இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஒன்று ஆபத்து, மற்றது வாய்ப்பு’ என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்குகிறார்கள். அரங்கமும் கைதட்டுகிறது. ‘வெய்ஜி’ என்னும் அச்சொல்லில் ‘வெய்’ ஆபத்தைக் குறிப்பது உண்மை. ‘ஜி’ இவ்விடத்தில் நிலைமை திரும்பும் தருணத்தையே சுட்டும். வாய்ப்பு என்னும் சொல்லிலும் அவ்வெழுத்து வருகிறது. விமானம் என்னும் சொல்லிலும் வருகிறது. அவ்வாறாயின் நெருக்கடி என்பது ஆபத்தும் விமானமுமா?

சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஓவியம் என்று தொடக்க மாணவருக்குக் கற்பிப்பதும் இதே நோய்தான். தாயைக் குறிக்கும் ‘மா’ என்ற எழுத்தில் ஒருபுறம் பெண், மறுபுறம் குதிரை. குதிரைபோல் உழைப்பவள் தாய் என்று உடனே ஒரு கதை பிறந்துவிடும். குதிரைக்கும் சீனத்தில் ‘மா’ என்றே பெயர். அது அங்கே ஒலியைக் காட்ட நிற்கிறது, அவ்வளவே. சூ ஷென் கி.பி. 100 அளவில் தொகுத்த அகராதியிலேயே பெரும்பான்மை எழுத்துகள் இவ்வாறு பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் கூடியவை. அப்பேரறிஞரும் தவறியதுண்டு. ‘செய்’ என்று பொருள்படும் எழுத்தைக் குரங்கின் உருவம் என்றார். 1899-இல் வெளிச்சத்துக்கு வந்த எலும்பு எழுத்துகளில் அது ஒரு கை யானையை நடத்திச் செல்லும் உருவமாக இருக்கிறது.

நினைவில் நிறுத்தக் கதை உதவுகிறதே என்பார்கள். கதையைக் கதை என்று சொல்லிக் கொடுத்தால் எனக்கு வழக்கில்லை. ஆனால் ‘மா’ என்னும் ஒலியுறுப்பை அறிந்தவன் ‘வசை’, வினாவிகுதி என இன்னும் சில எழுத்துகளின் ஒலியையும் ஊகித்துவிடுவான். குதிரைக் கதை அவனை ஓரடிகூட நகர்த்தாது.

இதனைத் தமிழாசிரியர்கள் கேட்க வேண்டும். நம் எழுத்துகளிலும் படமும் தத்துவமும் கண்டுபிடித்துக் கொடுப்போர் பெருகிவிட்டனர். கொடுமணல் பானையோட்டிலும் புகளூர்ச் சேரர் கல்வெட்டிலும் உள்ள தமிழ் பிராமியில் ககரம் வெறும் சிலுவைக் கோடு. ரகரம் ஒரு நேர்கோடு. இன்றைய வளைவில் எந்தப் பறவையைத் தேடுவது? பழைய அச்சில் ‘யானை’யின் னகரத்துக்குத் துதிக்கை போன்ற ஒரு சுழி இருந்தது. அதைக் காட்டி, யானையைப் பார்த்தே தமிழன் எழுதினான் என்று நாளை ஒருவர் சொல்லக்கூடும். ணை, லை, ளை மூன்றுக்கும் அதே துதிக்கை இருந்ததையும், அது ஐகாரக் குறியின் ஒரு வடிவம் என்பதையும், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் அது மறைந்ததையும் அறிந்த மாணவன் ஏமாற மாட்டான்.

அறியாதவனோ உ.வே.சா.வின் பழம்பதிப்பை விரித்ததும் திகைத்து நிற்கிறான். தமிழ் முதுகலை வகுப்பிலேயே இந்த நிலை. வால்பாறையில் யானை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தில் ஒரு பொய் யானையைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. எழுத்தின் மெய்யான வரலாற்றை முதலாண்டிலேயே சொல்லிக் கொடுங்கள்; பழைய நூல்களை அவர்களே படித்துக்கொள்வார்கள்.