நீதிபதி லீலா சேத்: தாய்மையின் துணிவும் சட்டத்தின் கடமையும்

மே 5 என்றால் நமக்கு மார்க்ஸ் பிறந்த நாள். 2017ஆம் ஆண்டு அதே நாளின் இரவில், நொய்டாவில் உள்ள தமது இல்லத்தில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லீலா சேத் காலமானார். அவருக்கு வயது 86. அவரது விருப்பப்படி இறுதிச் சடங்கு ஏதும் நடத்தப்படவில்லை. கண்களும் பிற உறுப்புகளும் மருத்துவத்துக்குத் தானமாக வழங்கப்பட்டன. அவர் கம்யூனிஸ்ட் அல்லர். தொழிலாளி வர்க்கத்தின் பிரதிநிதியும் அல்லர். அரசியல் சட்டத்தின் முகவுரையை நம்பிய ஒரு தாராளவாதி. ஆயினும் ஜனநாயக உரிமைகளுக்காகப் போராடும் நாம் அவரை மரியாதையுடன் நினைவுகூரக் காரணங்கள் உண்டு. அவரது வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமும் உண்டு.

1930இல் லக்னோவில் பிறந்தவர் லீலா சேத். கல்கத்தாவில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் லண்டனில் சட்டம் பயின்று, 1958இல் அங்கு வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் பெண்ணானார். நாடு திரும்பி மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இளம் வழக்கறிஞராகச் சேரச் சென்றபோது, தொழிலுக்கு வருவதைவிடத் திருமணம் செய்துகொள் என்று அறிவுரை கிடைத்தது. திருமணம் ஆகிவிட்டது என்றார். பிள்ளை பெற்றுக்கொள் என்றார் மூத்தவர். பிள்ளையும் இருக்கிறது என்றார். இன்னொன்று வேண்டும் என்று அவர் சொல்ல, இரண்டாவதும் பிறந்துவிட்டது என்றார் லீலா சேத். அதன் பிறகே கதவு திறந்தது. பாட்னா, கல்கத்தா, தில்லி என்று வழக்காடிய அவர், 1978இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1991இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே.

அவரது மிக முக்கியமான பணிகள் ஓய்வுக்குப் பிறகே தொடங்கின. 1997 முதல் 2000 வரை 15ஆவது சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். தமிழ்நாடு 1989இலேயே பெண்களுக்கு வழங்கிய பூர்வீகச் சொத்துரிமையை நாடு முழுமைக்கும் விரிவாக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு வழியமைத்த 174ஆவது அறிக்கை அந்த ஆணையத்துடையது. 2000 மார்ச்சில் வந்த அதன் 172ஆவது அறிக்கை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை நீக்கப் பரிந்துரைத்தது.

பிரிட்டிஷ் ஆட்சி 1860இல் இயற்றிய சட்டம் அது. தண்டனை பெற்றவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதன் கொடுமையை அளக்க முடியாது. பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் ஏழைத் திருநங்கையரையும் தன்பால் ஈர்ப்பாளரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் காவல்துறையின் கையில் இருந்த தடி அது. 2001இல் இதே லக்னோவில், எச்ஐவி விழிப்புணர்வுப் பணி செய்துவந்த ஊழியர்கள் இப்பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் வைக்கப்பட்டார்கள். பங்களா வீட்டில் வாழ்பவருக்குத் தனிமை உண்டு. ஒற்றை அறையில் ஐந்து பேரோடு வாழ்பவருக்கு அது இல்லை. ஆகவே இதை மேல்தட்டினரின் விவகாரம் என்று ஒதுக்குவது உண்மைக்குப் புறம்பானது.

2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. சிறுபான்மையாக இருப்பதே உரிமையை மறுக்கப் போதுமான காரணம் என்றால், அடிப்படை உரிமைகள் என்னும் அத்தியாயமே எதற்கு?

அப்போது லீலா சேத்துக்கு 83 வயது. 2014 ஜனவரியில், தாயாகவும் நீதிபதியாகவும் நாளிதழில் எழுதினார். தம் மூத்த மகன், எழுத்தாளர் விக்ரம் சேத், இந்தத் தீர்ப்பால் மீண்டும் குற்றவாளி ஆக்கப்பட்டிருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். மகனின் இயல்பை ஏற்பது தமக்கும் தம் கணவருக்கும் தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெயர் சொல்லி மறுத்தது, நாடெங்கும் வாய்மூடி அழுதுகொண்டிருந்த எத்தனையோ தாய்மார்களுக்குப் பேசும் துணிவைத் தந்தது.

அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், தில்லிக் கூட்டு வல்லுறவுக் கொலையைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். சுமார் 80,000 கருத்துரைகளைப் பரிசீலித்து 29 நாள்களில் அறிக்கை தந்த குழு அது. தூக்குத் தண்டனைக் கூச்சலுக்கு அது பணியவில்லை. திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவையும் குற்றமாக்கச் சொன்னது. ஆயுதப் படையினர் நிகழ்த்தும் பாலியல் வன்முறையைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின்கீழ் விசாரிக்கச் சொன்னது. பாலின ஈர்ப்பின் அடிப்படையிலான பாகுபாடும் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 172ஆவது அறிக்கை, திருமண உறவுக்குள் வல்லுறவுக்கு அளிக்கப்பட்ட விலக்கைத் தொடவில்லை. அதில் தலையிட்டால் மணவாழ்வில் அளவுமீறிக் குறுக்கிடுவதாகும் என்று தயங்கியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதே லீலா சேத் இடம்பெற்ற குழு அந்த விலக்கை நீக்கச் சொன்னது. பெண்கள் இயக்கம் இடையில் நடத்திய போராட்டங்கள் வீண்போகவில்லை. தம் நிலைபாட்டை மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவும் இல்லை.

2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு 377இன் கொடுக்கை முறித்தது. அதைக் காண அவர் இல்லை. எஞ்சியிருப்பவற்றையும் அவர் காணவில்லை. 2021 நவம்பரில் வெளிப்படையான தன்பால் ஈர்ப்பாளரான சௌரப் கிர்பாலைத் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக்க கொலீஜியம் பரிந்துரைத்தது. தன்பால் ஈர்ப்பாளர் உரிமைகளில் அவருக்குள்ள பற்று பாரபட்சத்துக்கு இடம்தரும் என்று ஒன்றிய அரசு மறுத்தது. சாதியிலும் மதத்திலும் பற்றுள்ளவர்கள் நீதிபதிகள் ஆகும்போது எழாத சந்தேகம் இது! 2023இல் ஒருபால் திருமண வழக்கில், இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று வாதிட்டதும் இதே அரசுதான். புதிய பாரதிய நியாய சன்ஹிதா திருமண வல்லுறவு விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. 377ஐ முற்றாகக் கைவிட்டதன் மூலம், வல்லுறவுக்கு ஆளாகும் ஆண்களுக்கும் திருநருக்கும் இருந்த பாதுகாப்பையும் பறித்துவிட்டது.

தோழர்களே, அரசைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். அக்டோபர் புரட்சி ஜார் ஆட்சியின் சட்டங்களைத் தூக்கியெறிந்தது. 1922இன் சோவியத் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் ஒருபால் உறவு குற்றமாக இல்லை. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. முதலாவதைப் பெருமையுடன் சொல்லும் நாம் இரண்டாவதை மறைக்க வேண்டியதில்லை. கியூபா தன் பழைய தவறுகளை ஒப்புக்கொண்டு, 2022இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒருபால் திருமணத்தை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்கு அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசனை பெற்ற பின் 2021இல் தீர்ப்பு வழங்கினார். ஒரு நீதிபதிக்கு இயலும் சுயவிமர்சனம் நமது கிளைக் கூட்டங்களில் இயலாதா? சாதி மறுப்புத் திருமணத்துக்குக் காவல் நிற்கும் தோழர், தன் மகனோ மகளோ வேறொரு உண்மையைச் சொல்லும்போது முகம் திருப்பலாமா? வர்க்கப் போராட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெண்களிடம் ஒருகாலத்தில் சொன்னதை இன்று இவர்களிடம் சொல்லலாமா?

லீலா சேத் தம் வீட்டிலிருந்து தொடங்கினார். தயக்கத்தை ஒப்புக்கொண்டார், கற்றார், பின் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தை நோக்கி எழுதினார். நாமும் நம் வீடுகளிலிருந்தும் நம் கிளைகளிலிருந்தும் தொடங்குவோம்.