பொன்னும் ஒளியும்

பொன் மஞ்சள் நிறமுடையது என்பதை யாவரும் அறிவர். ஆயின், அதனை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் அந்நீர் மாணிக்கம்போற் சிவந்து தோன்றும். துகள்களின் சிறுமையே இந்நிறத்திற்குக் காரணம் என உய்த்துணர்ந்த மைக்கேல் பாரடே, 1857-ஆம் ஆண்டு இலண்டனில் இதுபற்றிச் சொற்பொழிவாற்றினார். அந்நாளில் இதனால் யாது பயன் என ஒருவர் வினவியிருப்பின், விடை கூறுவார் இருந்திரார்.

ஒளி பட்டதும் பொன்துகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒருங்கே ஊசலாடுகின்றன. ஒளியின் ஒரு பகுதி சிதறுகிறது. மற்றொரு பகுதி வெப்பமாகிறது. அமெரிக்க நாட்டு அறிஞர் முஸ்தபா எல்-சயீத், புற்றுயிரணுக்களை நாடிப் பற்றும் புரதத்தை இத்துகள்களோடு இணைத்தார். நுண்ணோக்கியில் அவ்வுயிரணுக்கள் ஒளிர்ந்து தம்மைக் காட்டிக்கொடுத்தன. இது 2005-இல் வெளிவந்த செய்தி. வெப்பத்தைப் பயன்கொண்டோர் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தாராகிய நவோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் என்னும் அம்மையார் இருவர். சிலிக்கா உருண்டையின்மேல் பொன்னை மெல்லிய ஓடாகப் போர்த்தினால், தசையினுள் ஓரளவு ஊடுருவவல்ல அகச்சிவப்புக் கதிரை அது உறிஞ்சிச் சூடேறும். எலிகளின் கட்டிகளை அவர்தம் குழுவினர் இம்முறையாற் சிதைத்தமை 2003-இல் வெளியாயிற்று. புராஸ்டேட் சுரப்பியிற் புற்றுற்ற ஆடவர் 16 பேரிடம் செய்த முதற்சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. 15 பேருக்குச் சிகிச்சை முற்றுப்பெற்றது.

இவை கேட்டுப் புற்றுநோய்க்குப் பொன்மருந்து வந்துவிட்டது எனப் பறைசாற்றுவோர் உளர். அது பெருந்தவறு. பதினாறு பேர் மிகச் சிலர். அவர்தம் நோயும் சுரப்பியைக் கடந்து பரவாதது. அகச்சிவப்புக் கதிரும் உடலின் ஆழத்தே வலுவிழப்பதால், ஒளியைக் கண்ணாடியிழை வழியாகச் சுரப்பிக்குள்ளேயே செலுத்தவேண்டியிருந்தது. எங்கெங்கோ பரவிய நோயை இவ்வாறு தேடித்தேடிச் சுடுவது எங்ஙனம்? கட்டி சிறிதாயிருக்கும்போதே அறுவை மருத்துவரை நாடவேண்டியவர், வியப்புச் செய்தியொன்றை நம்பிச் சில திங்கள் காத்திருப்பாராயின், அதற்குள் நோய் கைகடந்து போகவுங்கூடும். ஆய்வாளர் தம் பணியை முதற்சோதனை என்றே அடக்கமாகக் குறித்தனர். மிகைபடப் பேசியோர் பிறரே.

இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. குருதியிற் செலுத்திய துகள்களுட் பல கட்டியைச் சேரா. கல்லீரலும் மண்ணீரலும் இடைவழியில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பொன் முதலிய பல்வகை நுண்துகள்களை விலங்குகளிடம் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரையொன்று 2016-இல் வெளிவந்தது. அதன்படி, கட்டியை அடைந்த பங்கின் இடைநிலை அளவு நூற்றுக்கு 0.7 மட்டுமே. ஆயிரத்தில் ஏழு! அவ்வேழினை எழுபதாக்கும் வழியைத்தான் ஆய்வாளர் முதலிற் காணவேண்டும்.