திறந்திருந்தால் மட்டும் போதுமா?

மாமல்லபுரத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணி லாட்ஜில் அறை எடுத்தால், அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் இணையம் வழியே அரசுக்கு அனுப்ப வேண்டும். செங்கல்பட்டு ஜெராக்ஸ் கடைகளில் நாள் முழுக்க ஆதார் அட்டைகள் ஸ்கேன் ஆகின்றன. ஊரார் விவரமெல்லாம் தங்கும் இந்தக் கணினிகளுக்கு எது பாதுகாப்பு, விண்டோஸா, லினக்ஸா?

"லினக்ஸ்தான். அதன் மூலநிரலை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன" என்பார்கள் ஒரு சாரார். "திருடனும்தானே பார்க்கிறான்?" என்பார்கள் மறு சாரார். இரண்டுமே பாதி உண்மைதான். 2014-இல் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களே இதற்குச் சாட்சி.

ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. உலகின் பெரும்பகுதி இணையதளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில், இரண்டு வருடமாக எல்லோர் கண்முன்னும் கிடந்த பிழை அது. பார்க்கலாம் என்றிருந்தும் யாரும் பார்க்கவில்லை. அந்த மென்பொருளை முழுநேரமாகக் கவனித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பிழை வெளியான அன்றே திருத்தமும் வந்துவிட்டது.

மறுநாள், ஏப்ரல் 8. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இனி ஓட்டை தெரிந்தாலும் அதை அடைக்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. அந்த ஆண்டில்தான் தமிழக அரசு, எக்ஸ்பிக்குப் பதில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி தன் துறைகளுக்குச் சொன்னது.

2017 மே மாதம் வான்னாக்ரை உலகையே ஆட்டியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அப்டேட் செய்யாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் மட்டும் தணிக்கை ஆகிவிடாது. ஆடிட்டர் உட்கார்ந்து புரட்டிப் பார்க்க வேண்டும். பூட்டி வைத்த புத்தகத்தையோ வெளியார் யாரும் புரட்டவே முடியாது. திறந்த மூலத்தின் உண்மையான பலம் இந்த வாய்ப்புதான். அது தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைத் தூக்கி எறியாமல் லினக்ஸுக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தில் கொஞ்சமாவது, அதைத் தொடர்ந்து பராமரிக்கும் உள்ளூர் ஆளுக்குச் சம்பளமாகப் போக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், அதன் விலையைக் கொடுக்கப்போவது ஆதார் அட்டையை ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டு நிற்பவர்தான்.