மாத்திரை சாப்பிட்டும் இதய 'கால்சியம் ஸ்கோர்' ஏறுதா? காரணம் இதுதான்!

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்கள். சில வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால், கால்சியம் ஸ்கோர் முன்பைவிட ஏறியிருக்கிறது. "அப்போ மாத்திரை வேலையே செய்யலையா?" என்று அதை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. சிக்கலே இங்கேதான்.

அதென்ன ஸ்கோர்?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் கொழுப்பு படிந்து, நாளடைவில் அதில் கால்சியம் சேர்ந்து இறுகும். சி.டி. ஸ்கேனில் இது வெள்ளையாகத் தெரியும். அதன் பரப்பையும் அடர்த்தியையும் வைத்து எண் போடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் 1990-ல் வெளியிட்டார்கள். ('சவுத் பீச் டயட்' எழுதினாரே, அவரேதான்.) பூஜ்யம் என்றால் கால்சியம் தென்படவில்லை. 400-ஐத் தாண்டினால் படிவு ரொம்பவே அதிகம்.

இனி எவ்வளவு ஏறும்னு கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய 'மெசா' ஆய்வில் 45 முதல் 84 வயது வரையிலான 6,814 பேர் சேர்க்கப்பட்டனர். பூஜ்யத்தில் இருந்தவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 6.6 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கால்சியம் தென்பட்டது. ஏற்கெனவே படிவு இருந்தால்? முதல் ஸ்கேனில் எவ்வளவு இருந்தது என்பதுதான் பெரிய துப்பு. அதிகம் இருந்தவர்களுக்கு அதிகமாகவே ஏறும், வட்டிக்கு வட்டி மாதிரி. வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எல்லாம் அதை இன்னும் தள்ளிவிடும்.

அப்போ மாத்திரை?

மாரடைப்பு பெரும்பாலும் வருவது, கொழுப்பு நிறைந்த மென்மையான படிவு உடைந்து அங்கே ரத்தம் உறைவதால். ஸ்டாடின் அந்தக் கொழுப்பைக் குறைத்து, படிவை இறுக வைக்கிறது. இறுகியது அவ்வளவு லேசில் உடையாது. ஆனால் நம்ம ஸ்கோர் கணக்கில், அடர்த்தி கூடினால் எண்ணும் கூடும்! உள்ளே நல்லது நடக்கும்போதே ரிப்போர்ட்டில் எண் ஏறுவது இதனால்தான். மாத்திரையே எடுக்காதவருக்கு வேகமாக ஏறினால் கதை வேறு. அங்கே நோய் வளர்கிறது என்றே மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

ஆகவே ஸ்டாடின் சாப்பிடுபவர்கள் அடிக்கடி இந்த ஸ்கேனை எடுப்பதால் பெரிய பலன் இல்லை. எண் ஏறியதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

மறு ஸ்கேன் உதவுவது, பூஜ்யம் வந்ததால் மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு. 5 முதல் 10 ஆண்டுகளில் மறுபடி பார்க்கலாம் என்கிறது 2018-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் இள வயது மாரடைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கால்சியம் சேராத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது.