நீதிபதி நாற்காலியில் கட்சிக்காரரா?

போன ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிடும்போது பதினொன்றாவது படிக்கும் பையன் கேட்டான். "அப்பா, 1999ல வாஜ்பாய் ஒரே ஓட்டுல போயிட்டார். ட்ரம்பை ரெண்டு தடவை இம்பீச் பண்ணியும் ஒண்ணும் ஆகலையே, ஏன்?" நாக்பூருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அரசியல் மட்டும் தமிழில்தான் ஓடுகிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரதமருக்கு மக்களவையில் பெரும்பான்மை போனால் பதவியும் போய்விடும். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. அதிபர் முறையில் பதவிக்காலம் நிச்சயமானது. நடுவில் இறக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் வேண்டும். அந்தத் தீர்ப்பை யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் கீழ்ச்சபை குற்றம் சாட்டும், செனட் தீர்ப்பு சொல்லும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1868ல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். 1999ல் கிளின்டன், 2020ல் ட்ரம்ப். 2021ல் 57 செனட்டர்கள் ட்ரம்பைக் குற்றவாளி என்றார்கள்; தேவைப்பட்டதோ 67. இன்றுவரை செனட் ஒரு அதிபரைக்கூட நீக்கியதில்லை. நிக்சன் போனாரே என்பீர்கள். 1974ல் அவர் தானாக ராஜினாமா செய்தார், டேப்புகள் வெளியாகி சொந்தக் கட்சியே கைவிட்டதால். அப்படி டேப் இருப்பதே 1973ல் செனட் கமிட்டி விசாரணையில்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஒருமுறை என்னை என்கொயரி ஆபீசராகப் போட்டார்கள். சார்ஜ்ஷீட் வாங்கியவர் என்னோடு தினமும் டீ குடித்தவர். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக, என்னை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். செனட்டில் அப்படி விலகச் சொல்லும் விதி இல்லை. சொந்தக் கட்சித் தலைவருக்கே நீதிபதி!

தென் கொரியாவைப் பாருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். வேலி ஏறிக் குதித்துக்கூட உறுப்பினர்கள் சபைக்கு வந்தார்கள். வந்த 190 பேரும் ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 14ல் 204 ஓட்டில் குற்றச்சாட்டு நிறைவேறியது. ஆனால் தீர்ப்பு சொன்னது அரசியல் சாசன நீதிமன்றம். 2025 ஏப்ரல் 4ல் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் நீக்கினார்கள். அதே நீதிமன்றம்தான் 2004ல், சபை அவசரப்பட்டு இம்பீச் செய்த ரோ மூ ஹியூனைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தது.

"நீதிபதிகளை யார் செக் பண்றது?" என்றான் பையன். நியாயமான கேள்வி. மொத்தம் 9 இடம். அதிபர் தரப்பில் 3, சபை தரப்பில் 3, தலைமை நீதிபதி தரப்பில் 3. பதவி நீக்க 6 பேர் சம்மதிக்க வேண்டும். எந்த ஒரு தரப்பும் தனியாக முடிக்க முடியாது.

யார் நல்லவர் என்று பார்த்து பேங்கில் ஸ்ட்ராங் ரூம் சாவியைக் கொடுப்பதில்லை. இரண்டு பேரிடம் பிரித்துத்தான் கொடுக்கிறோம். நாட்டுக்கும் அதுதான் நல்லது.