நாவில் படிந்த வெண்மை

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும்பொழுது, படுக்கையிலிருப்போரின் நாவை மிக அருகிலிருந்து காணும் வாய்ப்பு பங்குக் குருவுக்கு மாதந்தோறும் கிடைக்கிறது. காண்பது ஒன்று, கவனிப்பது வேறொன்று. நாம் கவனிக்கத் தவறிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே இத்திங்கள் பகுதியைத் தொடங்க வேண்டியுள்ளது.

நம் பங்கில் 78 வயது மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நெடுநாளாக ஆஸ்துமா, காலையும் மாலையும் இன்ஹேலர் இழுப்பவர். சென்ற மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியதால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் உட்கொண்டார். அதன்பின் உணவு குறையத் தொடங்கிற்று. முதலில் சோற்றை வேண்டாமென்றார், பிறகு இட்லியை, இறுதியில் கஞ்சியையும் ஒதுக்கினார். "எதை வைத்தாலும் எரிகிறது, ருசியில்லை என்கிறார்கள், சாமி. அத்தைக்குப் பிடிவாதம் அதிகமாகிவிட்டது" என்று மருமகள் கண்கலங்கினார். மகன் நம்மைத் திண்ணைக்கு அழைத்து, "காலம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது, சாமி. அவஸ்தை பூசிவிடுங்கள்" என்றார்.

பூசினோம். அதில் தவறில்லை, நோயில் பூசுதல் நோயாளர்க்கு உரியதேயன்றிச் சாவோர்க்கு மட்டும் உரியதன்று. நற்கருணை வழங்கியபொழுது, "அப்பம் ஒட்டிக்கொள்கிறது, சாமி, இறங்க மாட்டேன் என்கிறது" என்றார் பாட்டி. சிறிது நீர் பருகக் கொடுத்தோம். நாவில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததையும் பார்த்தோம். கஞ்சி என்று எண்ணிக்கொண்டோம். பின்னர் வீட்டாரை அமர்த்தி, இறைவனின் திருவுளத்துக்குப் பணிவதைப் பற்றி ஆறுதலாகப் பேசிவிட்டு வந்தோம். அந்தப் பேச்சை இப்பொழுது நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள், செவிலியராகப் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்றார். சென்றதும் அவர் கேட்டது, "பாட்டி, பல்செட்டைக் கழற்றுங்கள், பார்ப்போம்" என்பதே. பாட்டி வெகுநேரம் தயங்கினார். கழற்றியபொழுது மேலண்ணம் முழுதும் செக்கச் செவேலென்றிருந்தது. நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பிகள் போன்ற வெண்படலம். சுத்தமான துணியை விரலிற் சுற்றி மெல்லத் துடைத்தபொழுது படலம் உரிந்து, அடியில் சிவந்த புண் தெரிந்தது. மருத்துவரும் மறுநாள் அதையே உறுதி செய்து சொட்டு மருந்து எழுதினார். பத்தாம் நாள் பாட்டி தாமாகவே இரசஞ்சோறு கேட்டு உண்டார். மூன்று வாரம் பட்டினி கிடந்தவரின் வாயைத் திறந்து பார்க்க, அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்நோயை நம் முன்னோர் 'அக்கரம்' என்றனர். கைக்குழந்தைக்கு மட்டும் வருவதென்றே பலர் நினைக்கின்றனர். காரணம் 'காண்டிடா அல்பிக்கான்ஸ்' என்னும் பூசணம். குருமடத்து இலத்தீனை மறவாதவர்க்கு இப்பெயர் நகைப்பூட்டும். முதற்சொல்லும் வெண்மை, இரண்டாம் சொல்லும் வெண்மை! திருப்பலிக்கு நாம் அணியும் 'ஆல்பா' என்ற வெள்ளங்கியும் அந்த இரண்டாம் சொல்லின் உறவே. இப்பூசணம் நலமுள்ள பலரின் வாயிலும் ஓசையின்றிக் குடியிருக்கிறது. உமிழ்நீரும், வாயிலுள்ள பிற நுண்ணுயிர்களும், உடலின் எதிர்ப்பாற்றலும் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. அக்காவல் தளர்ந்தால் அது பெருகிவிடும். ஆன்டிபயாடிக் மருந்து, நோய்க்கிருமிகளோடு காவல் நிற்கும் நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. இன்ஹேலரிலுள்ள ஸ்டீராய்டு வாயிலும் தொண்டையிலும் படிந்து, அவ்விடத்தின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. இரவும் பகலும் கழற்றாத பல்செட்டின் அடிப்புறமோ உமிழ்நீர் சென்று கழுவாத இடம். நம் பாட்டியிடம் இம்மூன்றும் ஒருங்கே கூடியிருந்தன. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்க்கும், வாய் எப்பொழுதும் உலர்ந்திருப்போர்க்கும், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெறுவோர்க்கும் இது எளிதில் வரும்.

தடுப்பது கடினமன்று. இன்ஹேலர் இழுத்தபின் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை அலசித் துப்புதல் வேண்டும். ஸ்பேசர் என்னும் குடுவையை இணைத்து இழுத்தால் மருந்து வாயில் தங்குவது குறையும். அக்கரத்துக்கு அஞ்சி இன்ஹேலரையே நிறுத்திவிடுவோர் உண்டு. அது மூச்சுக்கே கேடாக முடியும். பல்செட்டை இரவில் கழற்றி, தூரிகையால் துலக்கி, நீரிலிட்டு வைக்க வேண்டும். வாய்க்கு மருந்திட்டுப் பல்செட்டைத் துப்புரவு செய்யாவிட்டால், அதில் ஒட்டிய பூசணம் மீண்டும் வாய்க்கே வந்துவிடும்.

இனிக் குழந்தைகள். இரண்டு மாதக் குழந்தையின் நாவில் வெண்மை கண்ட இளந்தாய் ஒருவர், "வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவலாம் என்கிறார்கள் அத்தை; தடவலாமா, சாமி?" என்று கேட்டிருந்தார். வேண்டாம், மகளே. வெங்காரம் குழந்தையின் உடலுக்கு நஞ்சு. தேனோ, ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்க வல்லவை. அத்தையார்மீது நாம் குறை கூறவில்லை. அவர்கள் காலத்தில் கைக்கெட்டிய மருந்து அதுவே. நாவிலிருப்பது பால்தானா என்று முதலில் பாருங்கள். பாலாயின் ஈரத்துணி பட்டதும் போய்விடும். அக்கரம் எளிதில் போகாது. அழுத்தித் துடைத்தால் இரத்தம் கசியும், ஆகவே சுரண்ட வேண்டாம். தாயின் முலைக்காம்பில் எரிச்சலும் வலியும் இருந்தால் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். சேய்க்கும் தாய்க்கும் ஒரே சமயத்தில் மருந்திடாவிடில் ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு மாறி மாறி வரக்கூடும். பாலூட்டுவதை நிறுத்த வேண்டுவதில்லை. புட்டிப்பால் தருவோர் காம்பு இரப்பரை நாள்தோறும் கொதிநீரில் இடுக.

சொட்டு மருந்து என்றோமே, அதன் பெயர் நிஸ்டாட்டின். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் அதனைக் கண்டனர். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, மாதிரிகளை அஞ்சலிலேயே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணிலிருந்து இம்மருந்து கிட்டியது. 1950ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். மாநிலத்தின் பெயரையே மருந்துக்குச் சூட்டினர். காப்புரிமையால் வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தாம் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர். 1966 நவம்பரில் இத்தாலியின் பிளாரன்சு நகரை வெள்ளம் சூழ்ந்தபொழுது, நனைந்த ஓவியங்களில் படர்ந்த பூசணத்தைத் தடுக்கவும் இம்மருந்து பயன்பட்டதாம். நம் பாட்டியின் நாவில் விட்டதும் அதுவே!

இதனை உணவுக்குப்பின், வழக்கமாக நாளைக்கு நான்கு முறை, வாய் முழுதும் படுமாறு சற்று நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். மருந்திட்ட உடனே நீர் அருந்தலாகாது. வெண்மை மறைந்ததும் புட்டியை மூடிவிடுவது பலருடைய வழக்கம். மறைந்தபின்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். கிளாட்ரிமசோல் என்னும் தடவு மருந்தும் உண்டு. விழுங்கும்பொழுது நெஞ்சுக்குள் வலித்தால் நோய் உணவுக்குழல் வரை இறங்கியிருக்கக்கூடும். அப்பொழுது மருத்துவர் மாத்திரை தருவார். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை அவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும், இரு மருந்தும் ஒன்றோடொன்று மோதும். துடைத்தாலும் போகாத வெண்திட்டு வேறு வகையானது. புகையிலை போடுவோர் அதனை அக்கரமென்று எண்ணி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புற்றுநோய்க்கு முன்னோடியாக அது இருக்கலாம்.

சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. நடுவயதினர்க்கு வெளிப்படையான காரணமின்றி அக்கரம் வந்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ, மருத்துவர் சர்க்கரையையும் எச்.ஐ.வி.யையும் சோதிக்கச் சொல்வார். சில ஆண்டுகளுக்குமுன் நாம் பணியாற்றிய ஊரில், இச்சோதனைச் சீட்டைக் கண்ட அன்றே ஓர் இளைஞனின் தட்டையும் டம்ளரையும் வீட்டார் தனியே எடுத்து வைத்தனர். அவன் சோதனைக்கே போகாமல் ஊரைவிட்டுச் சென்றான். மாதங்கள் கழித்து, சர்க்கரை நோய் முற்றி மயங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான் என்று அறிந்தோம். பிழைத்துக்கொண்டான், ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. எச்.ஐ.வி.யாகவே இருந்திருந்தாலும், அது தட்டிலோ டம்ளரிலோ பரவுவதன்று; அதற்குரிய மருந்து அரசு மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அக்குடும்பத்தார் மாதந்தோறும் இவ்விதழை வாங்குவோர். இவ்வரிகளைப் படிப்பார்கள் என்றே நம்புகிறோம்.

பாட்டி பல்செட்டைக் கழற்றத் தயங்கியதன் காரணம் பின்னரே தெரிந்தது. பெற்ற பிள்ளைகள் முன்னும் பொக்கை வாயோடு இருக்க அவருக்கு நாணம். பதினொரு ஆண்டுகளாக உறக்கத்திலும் அதனைக் கழற்றியதில்லையாம். இப்பொழுது மருமகள் மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை அவர் தலைமாட்டில் வைத்து, இரவு விளக்கணைத்த பின்னரே கழற்றுமாறு ஏற்பாடு செய்திருக்கிறார். சென்ற முதல் வெள்ளியன்று நாம் சற்று முன்னதாகவே சென்றுவிட்டோம். "கொஞ்சம் பொறுங்கள், சாமி" என்று நம்மைத் திண்ணையிலேயே நிறுத்தி, பற்களைப் பொருத்திக்கொண்டுதான் உள்ளே அழைத்தார். அப்பம் ஒட்டவில்லை என்றார்.